பிள்ள வெயில்ல நிக்கா

எங்கள் வார்டில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். குடியையோ ஊசியையோ மாத்திரையையோ திடீரென்று நிறுத்திய உடம்பு படுக்கையில் கிடக்காது. நடைவழியின் ஒரு கோடியில் பூட்டிய கம்பிக் கதவு, மறு கோடியில் ஜன்னல். கதவிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து கதவுக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள். செருப்பை இழுத்துக்கொண்டு, கையைச் சொறிந்துகொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சிஸ்டர், மாத்திரை எப்போது?" என்று போகும்போது கேட்பார்கள். வரும்போதும் கேட்பார்கள்.

தெற்கு தில்லியில் உள்ள ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். அறுவை சிகிச்சை வார்டில் பல வருடம் இருந்துவிட்டு, போதை மீட்பு வார்டுக்கு மாற்றலாகி வந்தேன். பழைய வார்டில் புண் ஆறுவது கண்ணுக்குத் தெரியும். கட்டைப் பிரித்துப் பார்த்தால் நேற்றைவிட இன்று நன்றாக இருக்கும். இங்கே அப்படி எதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. காலையில் என்னோடு சிரித்துப் பேசி, ஊரில் தம்பிக்குக் கல்யாணம் என்று சொன்னவர், மதியம் என்னை வாய்க்கு வந்தபடி திட்டுவார். மறுநாள் இரண்டையும் மறந்திருப்பார்.

வந்த சில மாதங்களில் அந்த அமைதியின்மை எனக்கும் ஒட்டிக்கொண்டது. மெட்ரோவில் இருக்கை கிடைத்தாலும் உட்காரப் பிடிக்காது. என் கணவர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அவர் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்திருக்கிறேன். சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது முன் வரிசையில் இருப்பவரின் விரல்கள் நடுங்குகின்றனவா என்று பார்ப்பேன். "உனக்கு என்ன ஆச்சு? ஒரு இடத்துல இருக்கவே மாட்டேங்குற" என்று கணவர் கேட்டார். சும்மா வேலை அதிகம் என்றேன்.

அப்படி இருந்த ஒரு மே மாதத்தில்தான் அந்த நோயாளியைக் கொண்டுவந்தார்கள்.

மோதி பாக் அரசுக் குடியிருப்பில் தனியாக இருந்தவர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரி. ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. மனைவி இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மாடிப்படியில் விழுந்து கிடந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு மகளுக்குப் போன் செய்திருக்கிறார்கள். மகள் முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். அப்பாவின் வீடு அத்தனை பக்கத்தில் இருந்தும் வெளியே அறை எடுத்திருந்தாள். அதை அப்போது நான் பெரிதாக யோசிக்கவில்லை.

அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. கைகள் நடுங்குவதை மறைக்க இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். தினமும் எவ்வளவு குடிப்பீர்கள் என்று டாக்டர் இந்தியில் கேட்டார். "தோடா சா" என்றார். கொஞ்சம்தானாம். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "காலையில எழுந்ததும் ஆரம்பிச்சிடுவார்" என்றாள்.

ரத்த அழுத்தம் பார்க்கும்போது நான் தமிழில் பேசினேன். "கைய இப்படி நீட்டுங்க, அண்ணாச்சி."

சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். "நீங்க எந்தப் பக்கம்?"

"பாளையங்கோட்டை."

"நமக்கு அம்பாசமுத்திரம்" என்றார். ஒரு நொடி முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே அப்படியே சுருங்கிவிட்டது. கையை என்னிடமிருந்து விடுவித்துக்கொண்டார். "தாயி, தப்பா எடுத்துக்காதீய. வேற யாராவது எனக்குப் பார்க்கட்டும். இந்திக்காரங்களா இருந்தாலும் பரவால்ல. நம்ம ஊர்க்காரவ முன்னால இப்படி இருக்க முடியல."

எனக்கு அது புரிந்தது. ராஜஸ்தானைச் சேர்ந்த எங்கள் ஆண் நர்ஸிடம் அவரை ஒப்படைத்துவிட்டு வேறு படுக்கைகளைப் பார்த்துக்கொண்டேன். நடைவழியில் நான் எதிரே வந்தால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

நெடுநாள் குடித்த ஒருவர் குடியை நிறுத்தினால் முதலில் நடுக்கமும் வேர்வையும் வரும். சிலருக்கு அதோடு போய்விடும். சிலருக்கு இரண்டொரு நாள் கழித்து மூளை தடம் புரளும். பகலா இரவா தெரியாது. இல்லாத எறும்பை விரிப்பிலிருந்து பொறுக்குவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் மருந்தும் சத்து ஊசியும் முதல் நாளே தொடங்கிவிடுகிறோம். தொடங்கியும் அவருக்கு வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். வெளியே அனல்காற்று ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. ராஜஸ்தான் நர்ஸ் என்னைத் தேடி ஓடி வந்தார். "தீதீ, ஜல்தி வாங்க. உங்கள் ஊர்க்காரர் இந்தியை மறந்துவிட்டார். என்ன சொல்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை."

போய்ப் பார்த்தபோது அவர் கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். கையிலிருந்த ஊசிக் குழாய் பிய்ந்து ரத்தம் முழங்கைவரை வழிந்தது. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கண்கள் எங்கோ இருந்தன. முப்பது வருடத்துக்கு மேல் தில்லியில் இருந்தவர். அலுவலகத்தில் இந்தியும் இங்கிலீஷும்தான் பேசியிருப்பார். அவ்வளவும் உதிர்ந்துபோய்ச் சுத்தமான திருநெல்வேலித் தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது.

"கதவத் தொறங்க! பிள்ள நிக்கா. பள்ளிக்கூடம் விட்டாச்சு. பிள்ள வெயில்ல நிக்கா, ஒத்தையில நிக்கா. நான் போய்க் கூட்டியாரணும். ஏய், தொறங்கலே!"

அவர் விழுந்துவிடுவார், கட்டிலில் கட்டிவிடலாம் என்றார் இளம் டாக்டர். அவர் சொன்னதில் தவறில்லை. இவருடைய கால்கள் பின்னிக்கொண்டிருந்தன, தலையில் ஏற்கெனவே அடி. கட்டும் துணியை எடுத்து வந்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் அவர் இன்னும் வேகமாகக் கதவை உலுக்கினார்.

"கொஞ்சம் பொறுங்க சார். நான் பேசிப் பார்க்கிறேன்" என்றேன்.

பிதற்றலில் இருப்பவரிடம் வாதாடவும் கூடாது, பொய் சொல்லவும் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பிள்ளையை நான் கூட்டி வந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவர் அப்போதே அடங்கியிருப்பார். நாக்கு நுனிவரை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து "எங்க அவ?" என்று கேட்டால் யாரைக் காட்டுவது?

பக்கத்தில் போய் நின்றேன். தொடவில்லை. "அண்ணாச்சி, பிள்ள பத்திரமா இருக்கா. அவளுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க இங்கன ஆஸ்பத்திரியில இருக்கீய. வாங்க, உக்காந்து பேசுவோம்."

"பத்திரமா இருக்காளா? நீ பார்த்தியா?"

"நேத்து இங்க வந்திருந்தா. நல்லா இருக்கா."

என் குரலைக் கேட்டாரா, ஊர்ப் பேச்சைக் கேட்டாரா, தெரியாது. கதவிலிருந்து ஒரு கையை எடுத்தார். மெதுவாகக் கட்டில் வரைக்கும் வந்தார். ராஜஸ்தான் நர்ஸ் புதிய ஊசிக் குழாயைப் பொருத்தி மருந்தைச் செலுத்தினார். உட்கார்ந்த மாத்திரத்தில் அண்ணாச்சி மறுபடி எழுந்தார். "பிள்ள நிக்கா" என்று மறுபடி தொடங்கினார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இப்படி எத்தனை முறை என்று தெரியாது. என் முதுகு ஈரமாகிவிட்டது. துணியோடு நின்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மகள் வந்தாள். முனிர்காவிலிருந்து வெயிலில் வந்த முகம் சிவந்திருந்தது. அப்பாவின் நிலையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார், யாரென்று தெரியவில்லை. அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்தார்.

"சிஸ்டர், அப்பா என்ன சொல்றார்? எனக்கு இந்தத் தமிழ் வரல. ரொம்ப ஃபாஸ்ட்டா இருக்கு."

அவள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் அம்மாவோடு பேசிய தமிழ் கொஞ்சம் இருந்தது. மிச்சமெல்லாம் இந்தி. அப்பா அவளிடம் தமிழில் அதிகம் பேசியதே இல்லையாம்.

"உன்னைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வரணும்னு சொல்றாரும்மா. நீ வெயில்ல தனியா நிக்கறியாம். அதுக்குத்தான் கதவைத் திறக்கச் சொல்றார்."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. தோளில் தொங்கிய பையை இறக்கித் தரையில் வைத்தாள். வைத்த வேகத்தில் உள்ளே இருந்த டிபன் டப்பா சத்தம் போட்டது.

"அவர் வந்தார், சிஸ்டர்" என்றாள். "வரலைன்னு நினைக்காதீங்க. வந்தார். அதுதான் ப்ராப்ளம்."

அவளை நடைவழிக்கு அழைத்துப் போனேன். நின்றபடியே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நான் தேர்ட் கிளாஸ்ல இருந்தேன். எல்லாரும் போய்ட்டாங்க. கேட்ல காவலுக்கு இருந்த சௌக்கிதார் பையா என்னை அவரோட ஸ்டூல்ல உட்கார வச்சார். தண்ணி குடுத்தார். ரொம்ப நேரம் கழிச்சு அப்பா ஸ்கூட்டர்ல வந்தார். நிறுத்தும்போதே வண்டியோட விழுந்தார். முட்டியெல்லாம் பிளட். சிரிச்சுட்டே எழுந்தார். சௌக்கிதார் பையா என் கையை விடவே இல்ல. 'மத் ஜா, பேட்டி'ன்னார், போகாதேன்னு. நான்தான் கையை உதறிட்டுப் போனேன். அப்பா ஆச்சே! ரிங் ரோடு முழுக்க அவர் பெல்ட்டைப் பிடிச்சுட்டு, கண்ணை மூடிட்டே வந்தேன். ஒரு பஸ் ஹார்ன் என் காதுகிட்டயே அடிச்சுது. வீட்டுக்கு வந்து வாமிட் பண்ணேன். ஜுரம்னு நினைச்சாங்க அம்மா. மறுநாள்லேர்ந்து அக்கம்பக்கத்துப் பொண்ணுங்களோட நடந்தே வர ஆரம்பிச்சேன். இன்னிக்கு வரைக்கும் அவர் ஓட்டற எந்த வண்டியிலயும் ஏறல. ஏன்னு அவர் கேட்டதும் இல்ல."

உள்ளே அவருடைய குரல் மறுபடி உயர்ந்தது. பிள்ள நிக்கா, பிள்ள நிக்கா.

"அவர் வர்றதுதான் எனக்குப் பயம்" என்றாள். "நீங்க சொல்லுங்க அவர்கிட்ட. உங்க தமிழ்ல சொல்லுங்க. வர வேண்டாம்னு சொல்லுங்க."

"அதை நான் சொல்றது சரியா வராதும்மா. நீயே சொல்லு. உனக்கு வர்ற தமிழ்ல சொல்லு."

அவள் உள்ளே போய்க் கட்டிலுக்கு எதிரே, எட்டியே நின்றாள்.

"அப்பா. நீங்க வர வேண்டாம். நான் வந்துட்டேன். நடந்து வந்துட்டேன்."

அவர் தலையைத் திருப்பினார். அவளை அடையாளம் தெரிந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கேட்டார்.

"நடந்தா வந்த? இந்த வெயில்லயா?"

"ஆமா."

"ஏட்டி, செருப்பு போட்டிருக்கியா?"

எங்கள் ஊரில் பெண்பிள்ளையைக் கூப்பிடும் அந்த 'ஏட்டி' அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தாள். "போட்டிருக்கேன்ப்பா" என்றாள்.

"தண்ணி குடி" என்றார். விரிப்பிலிருந்து எதையோ பொறுக்கத் தொடங்கினார். கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் ஓய்ந்தன. தூங்கிவிட்டார். மருந்து வேலை செய்திருக்கும். மருந்துதான் என்று டாக்டர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். துணியை மடித்து எடுத்துப் போய்விட்டார்கள். மகள் பையை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான்கைந்து நாளில் அவர் தெளிந்தார். கஞ்சி குடித்தார், தானே முகச்சவரம் செய்துகொண்டார். என்னைப் பார்த்து இப்போது சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. ஒரு காலையில் மாத்திரை கொடுக்கும்போது கேட்டார்.

"நான் ஏதோ உளறிட்டு இருந்தேன்னு பக்கத்துக் கட்டில்காரர் சொல்லுதாரு. என்ன சொன்னேன்?"

"பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டியாரப் போகணும்னு சொன்னீய."

அதற்கு மேல் நான் சொல்லவில்லை, மற்றது மகள் சொல்ல வேண்டியது. அவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அவ என் வண்டியில ஏறவே மாட்டா. சின்னதுல இருந்தே. ஏன்னு நான் கேட்டதில்ல."

"கேளுங்களேன், அண்ணாச்சி."

"எதுக்குன்னு எனக்கே ஒரு மாதிரி தெரியும். அதான் கேக்கல" என்றார்.

அன்று முழுக்க நடந்தார். மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோதும் நடந்தார். மறுநாள் காலையில் பையைக் கட்டிக்கொண்டு கம்பிக் கதவருகே வந்து நின்றார். "நான் சரியாயிட்டேன். வீட்டுக்குப் போறேன்." எனக்கு இது புதிதில்லை. உடம்பு தேறியதும் குடியின் ஆசை திரும்பி வரும். வந்ததும் எல்லோரும் சரியாகிவிட்டதாகத்தான் சொல்வார்கள். தன் விருப்பத்தில் சேர்ந்தவரை நாங்கள் பிடித்து வைக்க முடியாது. மகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள் என்று மட்டும் டாக்டர் கேட்டுக்கொண்டார்.

மதியம் அவள் வந்தாள். பார்வையாளர் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நானும் கூட இருக்க வேண்டும் என்று அவள் சொன்னதால் பக்கத்தில் நின்றேன். அவருடைய முழங்கால் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது, பெஞ்சே அதிர்ந்தது. ஊர்ப் பேச்சை விட்டு, அவளுக்குப் புரியும் தமிழில், நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"நீ ஏன் என் வண்டியில ஏறறதில்ல?"

அவள் சொன்னாள். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, பாதி இந்தியில். ஸ்டூல், சௌக்கிதார், பெல்ட், பஸ் ஹார்ன். முடிந்ததும் அவர், "என்னை மன்னிச்சிடும்மா" என்றார்.

"வேண்டாம்ப்பா. இப்ப கேக்காதீங்க. இப்ப கேட்டா நான் சரின்னுதான் சொல்லணும்."

அவர் தலையாட்டினார். "நான் போகட்டுமா, இருக்கட்டுமா?" என்றார்.

"என்கிட்ட கேக்காதீங்க. நீங்க போனாலும் நான் முனிர்காதான் போவேன். இருந்தாலும் முனிர்காதான்." எழுந்து டிபன் டப்பாவை அவர் பக்கத்தில் வைத்தாள். "இட்லி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் பையோடு கதவருகே திரும்பி வந்து நின்றார். எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவருக்கு இரண்டு தடவை வெப்பம் பார்த்தேன். மருந்து அலமாரியைத் திறந்து எதற்குத் திறந்தேன் என்று யோசித்தேன். கதவைத் திற என்று அவர் சொன்னால் திறந்துவிட வேண்டியதுதான். சாயந்திரத் தேநீர் வண்டி வந்தது. அவர் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டியபடியே குடித்தார். பிறகு கட்டிலுக்குப் போய்ப் பையைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். டப்பாவைத் திறந்து இட்லி தின்றார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, நாளைக்கும் இப்படித்தானே என்றிருந்தது.

சிகிச்சையை முழுதாக முடித்துவிட்டுத்தான் போனார். செவ்வாய்க்கிழமைதோறும் வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தார். ஓய்வுபெற்றபோது அலுவலகத்தில் விருந்து வைத்தார்கள். அதில் மறுபடி குடித்துவிட்டார். ஒன்றிரண்டு வாரம் ஆளைக் காணவில்லை. பிறகு ஒரு காலையில் தானாகவே பஸ் பிடித்து, கையில் மாற்றுத்துணிப் பையோடு வார்டு வாசலில் வந்து நின்றார். "விழறதுக்கு முன்னாடியே வந்துட்டேன், தாயி" என்றார். கைகள் நடுங்கின. இந்தமுறை அவற்றை மறைக்கவில்லை. இரண்டாவது முறை பிதற்றல் வரவில்லை. மகளுக்கு அவரே போன் செய்து சொன்னார். அவள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். காப்பித்தூளும் கறிவேப்பிலையும் வாங்க வேண்டியிருந்தது. தென்னிந்தியச் சாமான் விற்கும் கடை முன்னால் அப்பாவும் மகளும் நின்றிருந்தார்கள். வெளியிடத்தில் நோயாளியைப் பார்த்தால் நாங்களாகப் பேச மாட்டோம். அவருக்குச் சங்கடமாக இருக்கும். அதனால் மீன்கடைப் பக்கம் ஒதுங்கினேன். அவரே பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"தாயி! இங்கன வாங்க."

மகள் சின்ன வெங்காயத்தைக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சனிக்கிழமைகளில் இங்கே சந்தித்துச் சாமான் வாங்குவார்களாம். அவள் இன்னும் மோதி பாக் பக்கம் போகவில்லை. அந்த வீட்டை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்ததால் அவர் சின்னதாக வேறு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கீய, அண்ணாச்சி?"

"குடிக்கல" என்றார் முதலில். பிறகு, "இந்த வாரம் ரொம்ப மோசம். தூக்கமே இல்ல. உக்காந்தா எழுந்திரிக்கத் தோணுது, எழுந்திரிச்சா எங்க போறதுன்னு தெரியல. புதன்கிழமை கடை வாசல் வரைக்கும் போயிட்டேன். வெளியவே நின்னுட்டுத் திரும்பிட்டேன்."

மகளின் கை வெங்காயத்தில் நின்றது. இதை அவளும் இப்போதுதான் கேட்கிறாள் என்று தெரிந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை காலையிலயே வாங்க. தூக்கத்துக்கு என்ன செய்யறதுன்னு டாக்டர் பார்ப்பார்" என்றேன்.

"வாறேன்."

"பையா, யே பீ தோல் தோ" என்று மகள் கூடையைக் கடைக்காரரிடம் நீட்டினாள். எடைபோட்டு வாங்கிய வெங்காயத்தை அப்பாவின் பையில் போட்டாள். "திங்கட்கிழமை நான் ஹாஃப் டே லீவ் எடுக்கறேன்" என்று அவரிடம் சொன்னாள். அவர் அடுத்த சாமானுக்காகப் பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை இருவரும் வந்தார்கள். அவர் எங்கள் வார்டை ஒட்டிய டாக்டரின் அறைக்குள் போனதும் அவள் வெளியே நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கத் தொடங்கினாள். உட்காரச் சொன்னேன். "இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள். அடுத்த படுக்கைக்கு மருந்து எடுத்துப் போக வேண்டியிருந்தது, நான் போனேன்.